தண்ணீர் போகிற வழியில் எனக்கொரு மனை

கோமதிக்கு,

உன் அம்மா இருந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இருந்திருக்காது. போனை எடுத்து, "ஏட்டி, என்ன காரியம் பண்ணி வச்சிருக்க?" என்று ஒரே மூச்சில் கேட்டுவிட்டு, நீ பதில் சொல்வதற்குள் அன்றைக்கு வைத்த குழம்புக்கு வந்திருப்பாள். எனக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. நான் போன் செய்யும் நேரமெல்லாம் நீ சைட்டில் இருக்கிறாய். பின்னால் ஜேசிபி உறுமுகிறது. "அப்பா, அஞ்சு நிமிசத்துல நானே கூப்புடுதேன்" என்கிறாய். நீ திரும்பக் கூப்பிடும்போது நான் சொல்ல வந்ததை விட்டு வேறு பேசுகிறோம். சாப்பிட்டீர்களா, சாப்பிட்டேன், மாத்திரை போட்டீர்களா, போட்டேன் என்று முடிந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். நீ இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவள். உன் அம்மா நாள்காட்டித் தாளைக் கிழித்து வைத்துச் சொல்லிக்கொடுத்த தமிழை இன்றைக்கும் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறாய். அதுவும் நல்லதுதான். வாட்ஸப்பில் வருவதை மேலாகப் பார்த்துவிட்டுக் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்புகிற மாதிரி இதைத் தள்ளிவிட முடியாது. உறையை ஒட்டவில்லை. மாப்பிள்ளையும் படிக்கட்டும். அவர் தாராவியில் தமிழ் மீடியம் படித்தவர். நீ திணறுகிற இடத்தில் அவர் வாசித்துச் சொல்லட்டும்.

போன மாதம் என்னைக் கர்ஜத்துக்கு வரவழைத்து, உன் சைட்டுக்குக் கூட்டிப் போய், "இதுதான்ப்பா ஒங்க மனை" என்று காட்டினாய். நான் வாயே திறக்கவில்லை. அன்றிலிருந்து நீ என்னிடம் கண்ணாடிப் பாத்திரத்தைக் கையில் பிடித்த மாதிரிப் பேசுகிறாய். "அப்பாவுக்கு மனை பிடிக்கல போல" என்று மாப்பிள்ளையிடம் வருத்தப்பட்டாயாம். பிடிக்காமல் இல்லை. உன் பக்கத்தில் ஒரு வீடு கட்டி வந்துவிட வேண்டும் என்று உன்னைவிட எனக்குத்தான் ஆசை அதிகம். இதை முதலிலேயே எழுதிவைக்கிறேன். இனிமேல் நான் சொல்லப்போவதைப் படித்துவிட்டு, கிழவனுக்குச் செம்பூர் பிளாட்டை விட்டுவர மனசில்லை, அதற்கு ஏதோ சாக்குச் சொல்கிறான் என்று நீ நினைத்துவிடக் கூடாது.

எனக்குத் தனியாக இருக்க முடியவில்லை, கோமதி. போனில் ஒருநாளும் இதைச் சொன்னதில்லை. காலையில் பால் பாக்கெட் கதவுக் கைப்பிடியில் தொங்குகிறது. அதைக் கொண்டுவருகிறவனின் முகம்கூட மறந்துபோய்விட்டது. எதிர் பிளாட்டு சிந்திக்காரர்கள் மகனிடம் போய்விட்டார்கள், பூட்டுதான் தொங்குகிறது. குக்கரின் விசிலை எண்ணுகிற வேலை எனக்கு வரவே மாட்டேன் என்கிறது. உன் அம்மா பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டே எண்ணுவாள். இப்போது ஒன்று சாதம் குழைகிறது, இல்லை அடிப்பிடிக்கிறது. எதுவானாலும் அதைத்தான் மறுநாள் மத்தியானம் வரைக்கும் சாப்பிடுகிறேன். பேங்க் கார்டு வேண்டுமா என்று ஒரு பெண் போன் செய்தாள். வேண்டாம் என்பதற்கு முன்னால், அம்மா நீ எந்த ஊர், வீட்டில் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று ஹிந்தியில் விசாரித்தேன். பயந்துபோய் வைத்துவிட்டாள். கீரை வாங்க பஸ் ஏறி மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போகிறேன். இங்கே கீழே இறங்கினாலே கீரை கிடைக்கும். ஆனால் அங்கே போனால்தான், "என்ன அண்ணாச்சி, ஆளையே காணும்?" என்று யாராவது ஒருவர் கேட்பார். அந்த ஒரு கேள்விக்காகத்தான் அவ்வளவு தூரம். கொண்டுவந்த கீரையை ஆய்வதற்குப் பொறுமை இல்லாமல் வாட்ச்மேன் மனைவியிடம் கொடுத்துவிடுகிறேன். அவள் என்னைத் தர்மப்பிரபு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

கடை இருந்த காலத்தில் இப்படி இல்லை. தாராவி மெயின் ரோட்டில் தார்ப்பாயும் கயிறும் விற்கிறவனுக்கு வெயில்காலம் முடிய முடிய மூச்சுவிட நேரம் இருக்காது. ஊரெல்லாம் மேகத்தைப் பார்த்துக் கவலைப்படும். நாம் மேகத்தைப் பார்த்துச் சரக்கு எடுப்போம். "தாட்பத்ரி தேதோ சேட்" என்று ஹிந்தியில் தார்ப்பாய் கேட்டுக்கொண்டு, மண்பாண்டக்காரர்கள், தோல் பட்டறைக்காரர்கள், ஓட்டு வீட்டுக்காரர்கள், டாக்சி ஸ்டாண்டுக்காரர்கள் எல்லோரும் வருவார்கள். எல்லோருக்கும் தலைக்கு மேலே போடத்தான் தார்ப்பாய் வேண்டும். மண்ணுக்கு மேலே போட என்று கேட்டு வந்த முதல் ஆள் நீதான். உன் முதல் வேலை, பன்வேல் பக்கத்தில் ஒரு சின்ன லேஅவுட். கடை வாசலில் டெம்போவை நிறுத்தி, நீலத் தார்ப்பாய் ரோல் ரோலாக ஏற்றச் சொன்னாய். "ஏட்டி, எந்தக் கூரைக்கு இவ்வளவு?" என்று கேட்டேன். "கூரைக்கு இல்லப்பா, மண்ணு மேட்டுக்கு" என்றாய். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். மழையில் மண் நனையாமல் மூடுகிற அதிசயத்தை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் ஒரு தட்டை வைத்து, அதில் ரவையை மேடாகக் குவித்து, தம்ளரிலிருந்து தண்ணீரை ஊற்றிக் காட்டினாய். ரவை கரைந்து தட்டின் ஓரத்துக்கு ஓடி மேசை விரிப்பில் வழிந்தது. பிறகு இன்னொரு மேட்டின் மேல் ஈரத்துணியைப் போர்த்திவிட்டு ஊற்றினாய். மேடு அப்படியே நின்றது. "புல்லும் மரமும் இருக்கும்போது மண்ணு எங்கயும் போகாதுப்பா. மனை போடணும்னு நாங்க அத வழிச்சு எடுக்கோம்லா, அப்ப மொத மழையிலயே அது கீழ ஓடையில போய் விழுந்துரும். ஓடை தூந்துபோனா தண்ணி எங்க போகும்? கீழ இருக்கவன் வயலுக்குத்தான்" என்றாய். ஒரு நிலத்தைத் துண்டு போடுவது என்றால் கயிறு கட்டிக் கல் நடுவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். மழைக்கு முன்னால் எவ்வளவு தோண்டலாம், தோண்டிய மேல்மண்ணை எங்கே குவித்து மூடி வைப்பது, சகதித் தண்ணீரை ஒரு குழியில் தேக்கி, மண் அடியில் படிந்த பிறகு தெளிந்த தண்ணீரை மட்டும் எப்படி வெளியே விடுவது என்று நீ சொல்லச் சொல்ல, எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் பெருமை முழுசாக இருந்தது. உன் அம்மாவுக்கு மட்டும் வேறு கவலை. "உப்புமாவுக்கு வச்சிருந்த ரவைடீ அது" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அன்றைக்கு ராத்திரி நாம் மூன்று பேரும் தோசை வாங்கிச் சாப்பிட்டோம்.

இதை நீ சொல்லாமலே நான் தெரிந்து வைத்திருக்க வேண்டியவன். தாராவி வீட்டில் நீ பிறந்த காலத்தில் நம் சந்தில் எல்லோரும் செய்த வேலை என்ன? ஒரு மழைக்கு வீட்டுக்குள் தண்ணீர் வந்தால், அடுத்த வெயிலில் பர்னி போடுவோம். இடிந்த செங்கலும் உடைந்த ஓடும் மண்ணுமாக வண்டியில் வாங்கிக் கொட்டி, தரையை உயர்த்திப் பூசிவிடுவோம். நம் வீட்டுத் தண்ணீர் எதிர்வீட்டுக்குப் போகும். அடுத்த வருஷம் அவர்கள் பர்னி போடுவார்கள், தண்ணீர் திரும்ப நம் வீட்டுக்கு வரும். நாம் மறுபடியும் உயர்த்துவோம். கூரை மட்டும் உயரவில்லை. கடைசியில் வாசல் நிலையில் தலை இடிக்காமல் உன் அம்மாவால் உள்ளே வர முடியவில்லை. "இன்னொரு தரம் பர்னி போட்டா நாம தவந்துதான் உள்ள வரணும், பாத்துக்கிடுங்க" என்றாள். சந்து முழுக்கச் சிரித்தது. அந்தச் சந்தில் யாரும் கெட்டவர்கள் இல்லை. அவரவர் வீட்டுக்குள் தண்ணீர் வரக் கூடாது என்று அவரவர் பார்த்தோம், அவ்வளவுதான். உன் முதல் இண்டர்வியூவில் இந்தக் கதையைத்தான் சொன்னதாக நீ வந்து சொன்னபோது, எதற்குட்டி நம் வீட்டு மானத்தை அங்கே போய் வாங்கினாய் என்று கோபப்பட்டேன்.

இப்போது கர்ஜத் சைட்டுக்கு வருகிறேன். அங்கே என்னை முதல்முறை நீ அழைத்துப் போனது போன வருஷ மழையில். அப்போது மனையும் இல்லை, ரோடும் இல்லை. மேட்டிலிருந்து பள்ளத்துக்குச் சரிகிற பச்சை நிலம், அவ்வளவுதான். நடுவில் அந்த ஓடை. அகலம் அதிகமில்லை, ஆனால் என்ன வேகம்! கரையில் ஒரு அத்திமரம் நின்றது. அதில் என் தோள் உயரத்துக்கு ஒரு முண்டு இருந்தது. குடையை அதில் மாட்டிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றேன். கீழே வயல்காரர் வீட்டில் நமக்கு டீ கொடுத்தார்கள். அந்த வீட்டு அம்மாள் ஓடையை ஓடா என்றாள், நீ என் காதில் "நம்ம ஓடைதான்ப்பா" என்றாய். ஓடையில் தண்ணீர் கலங்கினால் கிணறும் கலங்கிவிடும் என்று அவள் உன்னிடம் மராட்டியில் சொன்னாள். நீ அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாய். வரும்போது என்ன சொன்னாய் என்று கேட்டேன். "இதத் தொடமாட்டோம்னு சொன்னேன். லேஅவுட்ல ஓப்பன் ஸ்பேஸ் விடணும்லா, அத இந்தப் பள்ளத்துலயே விட்டுருக்கேன். ரெண்டு பக்கமும் புல்லு, கீழ மண்ணு படிய ஒரு குளம். தண்ணி போற வழிய தண்ணிக்கே விட்டுரணும்ப்பா" என்றாய். மற்ற லேஅவுட்டுகளில் விற்காத மூலையைப் பூங்கா என்று எழுதி வைப்பார்கள் என்று நீயே சொல்லிச் சிரித்திருக்கிறாய். நீ அப்படிச் செய்யவில்லை. திரும்பும் வழியெல்லாம் ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவனிடம் உன்னைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தேன். அவன் குர்லா வருவதற்கு முன்பே எழுந்து வாசலுக்குப் போய்விட்டான், பாவம்.

போன மாதம் போனபோது எனக்கு இடமே பிடிபடவில்லை. ரோடு போட்டுச் சிவப்புப் பெயின்ட் அடித்த கல் நட்டிருந்தார்கள். மேட்டில் கொடி கட்டி, பூங்கா என்று பலகை வைத்திருந்தார்கள். "கோம்தி மேடம்" என்று ஆளாளுக்கு உன்னிடம் ஓடிவந்தார்கள். நீ தலையில் மஞ்சள் தொப்பியோடு முன்னால் நடந்தாய், நான் வெயிலில் பின்னால் வந்தேன். சமதளமாக இருந்த ஓர் இடத்தில் நின்று, "இது என் மனை, அது ஒங்க மனை. கெழக்கப் பாத்த வாசல். ஒங்க சமையக்கட்டு ஜன்னலும் என் சமையக்கட்டு ஜன்னலும் எதிர் எதிர. கொழம்பு தீஞ்சா எனக்கு இங்கனயே தெரிஞ்சிரும்" என்றாய். உன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை உன் அம்மா போன பிறகு நான் பார்த்ததில்லை. நானும் சிரிக்கத்தான் போனேன். அப்போது என் மனையின் ஓரத்தில் அந்த அத்திமரத்தைப் பார்த்தேன். குடை மாட்டிய முண்டு என் முழங்காலுக்குக் கீழே இருந்தது. மரம் குட்டையாகவில்லை, மண்தான் அவ்வளவு ஏறியிருந்தது. ஓடை எங்கே என்று கேட்டேன். "கீழ பெரிய பைப் போட்டிருக்கோம்ப்பா, அதுல போயிரும்" என்று எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னாய்.

பைப்பைப் பற்றியும் எனக்கு நீதான் சொல்லிக்கொடுத்தாய். முதல் வருஷம் தண்ணீர் போகும், பிறகு சருகும் சகதியும் பிளாஸ்டிக் பையும் வாயை அடைக்கும், அடைத்த பிறகு தண்ணீர் பழைய வழியை ஞாபகம் வைத்துக்கொண்டு மேலேயே வரும் என்று சீத்தா கேம்ப் பக்கத்தில் ஒரு நாலாவை, அந்தப் பெரிய சாக்கடைக் கால்வாயைக் காட்டிச் சொன்னவள் நீ. கழுத்துவரை மண் போட்டால் மரம் மூச்சுமுட்டிச் சாகும் என்று சொன்னவளும் நீ. அதனால்தான் நான் அங்கே பேசவில்லை. உனக்குத் தெரியாத எதையும் என்னால் சொல்லியிருக்க முடியாது. என் பெண்ணை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று நினைத்தேன். கர்ஜத்தில் வண்டி ஏறி உட்கார்ந்தபோது நீ பிளாட்பாரத்தில் நின்று கையாட்டினாய். நான் ஆட்டவில்லை. அதை நினைத்தால் இப்போதும் மனசு அறுக்கிறது.

யார் மாற்றியது என்று போன ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. மாப்பிள்ளை மாம்பழக் கூடையோடு வந்தார். அவராக எதுவும் சொல்ல வரவில்லை, நான்தான் நோண்டினேன். என் பெண் முதலாளிக்குப் பயந்து ஓடையை மூடிவிட்டாள் என்று கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன். மனிதர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் மாம்பழத்தைக் கீழே வைத்துவிட்டு, "மாமா, மொதலாளி ரொம்ப நாளா கேட்டுக்கிட்டேதான் இருந்தாரு. பள்ளத்த மூடினா ஒரு வரிசை மனை கூட வரும், பார்க்க மேட்டுல வச்சா பாக்கவும் நல்லாருக்கும்னு. ஒவ்வொரு தடவையும் கோமதி முடியாதுன்னு சண்ட போட்டா. நீங்க அன்னைக்கு எங்க வீட்டுக்கு வந்துட்டுப் போனியள்லா, அதுக்கு அப்புறந்தான்... ஒன் மனைக்குப் பக்கத்துல ஒங்க அப்பாவுக்கு ஒண்ணு வச்சுக்கிடும்மான்னு அவரு சொன்னப்ப, அவளால முடியாதுன்னு சொல்ல முடியல" என்றார்.  அவர் போன பிறகு மாம்பழத்தை யாருக்குக் கொடுப்பது என்றுகூட யோசிக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அன்னைக்கு என்று அவர் சொன்னது எந்த நாளை என்று உனக்கும் தெரியும். உன் அம்மாவின் முதல் திவசம் முடிந்து கர்ஜத்தில் உன் வீட்டுக்கு என்னை அழைத்துப் போனாய். பின்பக்கத்து அறையை ஒழித்து, அலமாரியில் எனக்கென்று ஒரு தட்டைக் காலி செய்து வைத்திருந்தாய். "இங்கயே இருந்துருங்கப்பா" என்றாய். நான் சொன்னதை இங்கே அப்படியே எழுதுகிறேன்: "பொண்ணக் கட்டிக்குடுத்த வீட்டுல போய் உக்காந்து திங்கதுக்கு எனக்கு இன்னும் அந்தக் கதி வரல. பக்கத்துல தனியா ஒரு வீடு இருந்தாச் சொல்லு, வாரேன்." அன்றைக்கு உன் வீட்டில் கைகூட நனைக்கவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு, செம்பூரில் வந்து பிரெட் தின்றேன். பெரிய ரோஷக்காரன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

இதெல்லாம் நம் ஆட்கள் ரத்தத்தில் ஊறியது. உன் அம்மாவின் அப்பா வைத்தியத்துக்காக ஊரிலிருந்து வந்திருந்தபோது நீ கைக்குழந்தை. மருமகன் வீட்டில் படுக்கமாட்டேன் என்று கடையில் தார்ப்பாய் ரோல் மேல் படுத்துக்கொண்டார். அந்தப் புழுக்கத்தில், பிளாஸ்டிக் நாற்றத்தில், இருமிக்கொண்டே கிடந்தார். உன் அம்மா தூக்குவாளியில் கஞ்சி எடுத்துக்கொண்டு கடைக்கு நடப்பாள். போகும்போதும் வரும்போதும் அழுவாள். நான் அதைப் பார்த்து, மாமனார் எவ்வளவு மரியாதை தெரிந்த மனிதர் என்று கடைக்கு வந்தவர்களிடம் சொன்னேன். அவர் ஊருக்குத் திரும்பும்போது உன் அம்மா ஒன்றுதான் கேட்டாள்: "ஒங்க மரியாதைக்கு என் வீடு ஒத்துக்கிடல, இல்லப்பா?" அவர் பையை எடுத்துக்கொண்டு வண்டி ஏறிவிட்டார். போன மாதம் கர்ஜத் பிளாட்பாரத்தில் நீ கேட்காமல் விட்டதும் அதே கேள்விதான் என்று இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

ஆகவே, கோமதி, உன் ஓடையை மூடியது உன் முதலாளி இல்லை. அவர் எல்லா முதலாளிகளையும் போலக் கேட்டுப் பார்த்தார். நீ அவருக்கு ஈடுகொடுத்து நின்றாய். உன்னைச் சாய்க்க அவர் கையில் ஒன்றும் இல்லாமல் இருந்தது. நான் கொடுத்தேன். பெண் வீட்டில் இருக்கமாட்டேன் என்று நான் பிடித்த பிடிவாதத்துக்கு ஒரு மனை தேவைப்பட்டது. அந்த மனைக்கு இடம் அந்தப் பள்ளத்தில்தான் இருந்தது. தாராவியில் பர்னி போட்ட மாதிரியே ஆகிவிட்டது. என் மரியாதை நனையக் கூடாது என்று நான் உயர்த்திக்கொண்டேன், தண்ணீர் அந்த வயல்கார அம்மாள் வீட்டுக்குப் போகப் போகிறது.

திருத்திய பிளான் இன்னும் அனுமதிக்கு மேலே போகவில்லை, உன் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது, அந்த வரிசைக்கு புக்கிங் மழை முடிந்த பிறகுதான் என்று மாப்பிள்ளை சொன்னார். அப்படியானால் இன்னும் வழி இருக்கிறது. வேலை போனால் போகட்டும் என்று வீராப்பாக எழுத எனக்கு வாய் வரவில்லை. வேலை எவ்வளவு கஷ்டப்பட்டுக் கிடைத்தது என்று எனக்குத் தெரியும். அவர் கத்துவார். கொட்டிய மண்ணைத் திரும்ப அள்ளுவதா என்று எல்லோர் முன்னாலும் கேட்பார். உன் ஆட்களே உன்னைப் பார்த்துச் சிரிக்கலாம். மழை தலைக்கு மேல் நிற்கிறது, முழுசாகத் தோண்டி முடிக்க முடியுமோ என்னவோ. முடிகிற மட்டும் திற. தண்ணீர் மேலே வராமல் போக ஒரு வாய்க்காலாவது வெட்டு. கீழே மண் படிகிற குழியை வெட்டு. அத்திமரத்தைச் சுற்றி இருக்கிறதை முதலில் எடுக்கச் சொல். மீதியை மழை விட்ட பிறகு பார்க்கலாம். இந்த வேலையில் எது முதலில், எது பிறகு என்று என்னைவிட உனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அந்த அம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு நீ ஒரு வாக்குக் கொடுத்தாய். பக்கத்தில் நின்று டீ குடித்தவன் நான். எனக்காக நீ அந்த வாக்கை மீறினாய் என்பதைச் சுமந்துகொண்டு, அந்த வீட்டின் ஜன்னலில் நின்று உன் ஜன்னலை என்னால் பார்க்க முடியாது.

மனை வேண்டாம் என்று சொல்லிவிட்டு இங்கேயே செம்பூரில் உட்கார்ந்துகொள்ளலாம் என்றும் இரண்டு நாள் யோசித்தேன். அதுவும் ரோஷம்தான், வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறது. அப்படிச் செய்தால் நீ மறுபடியும் எனக்காக எங்காவது இடம் தேடுவாய். உனக்கு இனி அந்த வேலை வேண்டாம். நீ பிளானை மாற்றினாலும் சரி, மாற்றாவிட்டாலும் சரி, நான் உன் வீட்டுக்கு வருகிறேன். பின்பக்கத்து அறையில் இப்போது உன் பூட்ஸும் தொப்பியும் அளவு டேப்பும் கிடக்கின்றனவாம். கிடக்கட்டும். ஓர் ஓரமாகத் தள்ளிவிட்டு ஒரு கட்டிலுக்கு இடம் கொடு. அலமாரியில் அந்த ஒரு தட்டு போதும். மாப்பிள்ளைக்கு என்னால் சங்கடம் என்றால் நேரில் சொல்லட்டும், நான் கோபப்படமாட்டேன், இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன், அவ்வளவுதான். இனி அந்தப் பள்ளத்தை மூடுவதற்கு அப்பா என்று ஒரு காரணம் உன்னிடம் இல்லை. மற்றக் காரணங்களுக்கெல்லாம் பதில் சொல்ல உனக்குத் தெரியும்.

கடையை விட்டபோது ஒரே ஒரு ரோல் தார்ப்பாயை விற்க மனசு வராமல் வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் போட்டேன். உன் அம்மா அதைத் தினமும் திட்டிக்கொண்டே பெருக்குவாள். அதை எடுத்துத் தூசி தட்டி வைத்திருக்கிறேன். பள்ளத்திலிருந்து அள்ளுகிற மண்ணை எங்காவது குவித்துத்தானே ஆக வேண்டும், மூட உதவும். அதைத் தூக்கிக்கொண்டு லோக்கலில் ஏறினால் ஜனங்கள் திட்டுவார்கள். திட்டட்டும், இத்தனை நாளாக என்னிடம் யாரும் அவ்வளவு பேசவில்லை. சனிக்கிழமை மத்தியானம் குர்லாவில் கர்ஜத் வண்டி பிடிக்கிறேன். இந்தத் தடவை பிளாட்பாரத்தில் உன்னைப் பார்த்ததும் நான்தான் முதலில் கையாட்டுவேன். ஸ்டேஷனுக்கு வா. உனக்கு சைட்டில் வேலை இருந்தால் பரவாயில்லை, பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன்.

ராத்திரிக்கு எனக்கும் சேர்த்து அரிசி போடு.

அப்பா
செம்பூர்